அட்டையின் பின்பக்கம்

சேரப்பணஞ்சேரியிலிருந்து மீனம்பாக்கம் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான். ஒரகடத்தில் நான் வேலை செய்யும் ஆலை, பயிற்சிக்காகப் புனேவுக்கு அனுப்பியது. கூட வேலை பார்க்கும் அண்ணன் முந்தைய நாளே பாடம் எடுத்தார்: "பவர் பேங்க்கைக் கைப்பையில வை தம்பி, செக்-இன் பெட்டியில போட்டுடாதே. லைட்டர் இருந்தா வீட்டிலேயே வச்சிடு. ஆதாரை மறந்துடாதே."

ஆதார்தான் எனக்குச் சிக்கல். அதன் பின்பக்கத்தில் முகவரி இருக்கிறது. முகவரியில் 'காலனி' இருக்கிறது. முதன்முதலில் வேலை கேட்டுப் போன ஒப்பந்ததாரர் அலுவலகத்தில் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். என் அட்டையில் அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

விமான நிலைய வாசலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர் டிக்கெட்டில் உள்ள பெயரைப் பார்த்தார், அட்டையில் உள்ள பெயரைப் பார்த்தார், படத்தையும் என் முகத்தையும் பார்த்தார். அட்டையைத் திருப்பவே இல்லை. உள்ளே பெல்ட், பர்ஸ், போன் எல்லாம் ட்ரேயில் போனது. எனக்கு முன்னால் கோட் போட்ட ஒருவர் இரு கைகளையும் விரித்து நின்றார். அடுத்து நான் அதேபோல நின்றேன். என்ன கொண்டுபோகிறாய் என்று மட்டுமே பார்த்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் பார்க்கவில்லை.

1901 வாக்கில் மாசூர் ரயில் நிலையத்தில் சிறுவன் அம்பேத்கர் நல்ல உடையில்தான் இறங்கினார். 'நீங்கள் யார்?' என்று கேட்ட நிலைய அதிகாரி, 'மகர்' என்ற பதிலைக் கேட்டதும் பின்வாங்கினார். இரட்டைக் கூலி தந்தபோதும் எந்த வண்டிக்காரரும் அவர்களுக்கு வண்டி ஓட்ட முன்வரவில்லை. பயணத்தில் நம்மிடம் கேட்கப்படும் 'யார்' என்ற கேள்விக்கு இந்த நாட்டில் நீண்ட வரலாறு உண்டு.

அதற்காக விமான நிலையம் சமத்துவபுரம் ஆகிவிடாது. உடல் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்களின் பட்டியல் ஒன்று அங்கே இருக்கிறது. குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள், முதலமைச்சர்கள் என்று அது நீளும். எந்த அரசுப் பதவியிலும் இல்லாத ராபர்ட் வதேராவின் பெயரும், சோனியா காந்தியின் மருமகன் என்பதால், 2015 வரை அதில் இருந்தது. 2009இல் டெல்லியில் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமை ஓர் அமெரிக்க விமான நிறுவனம் சோதனை செய்தது. அவர் அமைதியாக ஒத்துழைத்தார். நாடாளுமன்றம் கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தினமும் சோதிக்கப்படும் மற்றவர்களுக்கு அது அவமானமா என்று எவரும் கேட்கவில்லை.

பெரியவர்களுக்கு அவமானம், மற்றவர்களுக்கு நடைமுறை! அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதான்.

எங்கள் ஆலைவாசலிலும் இதே கதை. ஷிப்ட் முடிந்ததும் தொழிலாளியின் சாப்பாட்டுப் பை வரை திறந்து பார்ப்பார்கள். அதிகாரிகளின் காருக்குக் கேட் தானாகத் திறக்கும். சோதனையில் இழிவு இல்லை. சிலருக்கு மட்டும் சோதனை என்பதுதான் இழிவு. பாதுகாப்புக்குத் தேவை என்றால் எல்லோரையும் சோதியுங்கள். விலக்குப் பட்டியலைக் கிழியுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்வரை முகவரியைக் கேட்காதீர்கள்.

இதைப் படிக்கும் தோழர்களில் சிலர் நாளை ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரக்கூடும். அன்று ஒருவர் தன் அட்டையை உங்களிடம் நீட்டுவார். பெயரையும் படத்தையும் பாருங்கள். திருப்பாதீர்கள்.