ஒரு பெயரைத் திருத்துமுன்...



உயர்தர வகுப்பில் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளையிடம், "என்ன மகள் படிக்கிறாய்?" என்று உம்மா கேட்டால், "எஸ்.கியூ.எல். உம்மா" என்று பதில் வரும். அதற்குமேல் என்ன கேட்பதென்று உம்மாவுக்குத் தெரியாது. விளக்கிச் சொல்ல மகளுக்குப் பொறுமை இராது. அந்தப் பாடத்திலுள்ள ஒரேயொரு கட்டளையை இம்மாதம் பார்ப்போம். அதன் பெயர் 'அப்டேட்'. ஏற்கனவே பதிந்து வைத்த விபரத்தைத் திருத்துவதுதான் அதன் வேலை.

கிராம சேவகரின் குடும்பப் பதிவேட்டை நினைத்துக் கொள்ளுங்கள். குறுக்கே ஒரு வரி ஓர் ஆளுக்கு உரியது, அது நிரை. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்று மேலிருந்து கீழாகச் செல்பவை நிரல்கள். கணனிக்குள்ளும் இதே அட்டவணைதான். 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கொட் என்பவர், தரவுகளை இப்படி அட்டவணைகளாக வைக்கலாம் என்று எழுதினார். அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பொய்ஸ் என்ற இருவர் 1974இல் அந்த அட்டவணைகளோடு பேச ஒரு மொழியை அமைத்தார்கள். அதுவே இன்றைய எஸ்.கியூ.எல்.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26ஐ மறந்தோமா? வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் கிடக்கும் கல்லடி, காத்தான்குடிப் பகுதிகளில் அன்று காலை கடல் ஏறியது. நாடு முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் சிதறிக் கிடந்தார்கள். யார் எங்கே என்ற பட்டியல் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. அந்த நெருக்கடியில்தான் இலங்கையின் கணனித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து 'சஹன' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற் போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. 2005 அக்டோபரில் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது.

இத்தகைய பதிவேட்டில் புதுப் பெயரைச் சேர்ப்பது பெரிய வேலையல்ல. இருக்கும் பெயரைச் சரியாகத் திருத்துவதுதான் பொறுப்பான வேலை. 'காணவில்லை' என்றிருந்த பிள்ளை ஏறாவூரில் சாச்சி வீட்டில் கிடைத்துவிட்டால், அந்த ஒரு வரியைக் 'கிடைத்தார்' என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பெற்றவள் அழுதுகொண்டே இருப்பாள். தவறான வரியை மாற்றினாலோ, இன்னொரு தாய் பொய்யான நம்பிக்கையோடு ஓடி வருவாள்.

கட்டளை மூன்று துண்டுகளாக அமையும். 'அப்டேட்' என்பதோடு எந்த அட்டவணை என்று சொல்ல வேண்டும். 'செட்' என்பதோடு எந்த நிரலில் எதை எழுதுவது என்று சொல்ல வேண்டும். 'வெயார்' என்பதோடு எந்த நிரை என்று சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால்: "ஆட்கள் அட்டவணையைத் திருத்து; நிலைமை என்பதில் 'கிடைத்தார்' என்று எழுது; இன்ன இலக்கம் உள்ள வரியில் மட்டும்."

அந்தக் கடைசித் துண்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கணனி ஏன் என்று கேளாது. அட்டவணையில் உள்ள அத்தனை பேரையும் 'கிடைத்தார்' ஆக்கிவிடும். 'வெயார்' துண்டில் 'பாத்திமா' என்ற பெயரை மட்டும் கொடுத்தாலும் ஆபத்துத்தான். நம் ஊர்களில் ஓர் ஒழுங்கைக்கு எத்தனை பாத்திமா! ஆகவே ஒருவருக்கு மட்டுமே உரிய அடையாளம் வேண்டும். அதனைத்தான் பாடப்புத்தகத்தில் முதன்மைச் சாவி என்பார்கள்.

நமது தேசிய அடையாள அட்டை இலக்கம் அப்படிப்பட்டது. பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500ஐக் கூட்டுவார்கள். 85612 என்று தொடங்கினால் 1985இல் பிறந்த பெண். 612இல் 500 போக 112ஆவது நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கிடுவதால் அது ஏப்ரல் 21.

2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்தில் 12 எண்கள் உள்ளன. பழையதை அதற்கு மாற்றுவது எளிது: முன்னால் 19ஐச் சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று எண்களுக்குப் பின்னே ஒரு 0 வைத்து, கடைசி எழுத்தை நீக்க வேண்டும்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. பதிவேட்டில் பழைய இலக்கம் இருக்க, நாம் புதிய இலக்கத்தைக் கொடுத்தால் கணனிக்கு அந்த ஆள் அகப்படமாட்டாள். ஆனால் அது பிழை என்று கத்தாது. "0 நிரைகள் மாறின" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் எழும்பிப் போனால், அந்த விதவைத் தாயின் முகவரி பழையபடியே இருக்கும். நிவாரணம் பழைய வீட்டுக்கே போகும்.

ஆகவே பிள்ளைகளுக்கு மூன்று பழக்கங்களைச் சொல்லிக் கொடுங்கள். திருத்துமுன், அதே 'வெயார்' துண்டை 'செலக்ட்' கட்டளையோடு ஓட்டி, வருவது சரியான ஆள்தானா என்று பார்க்க வேண்டும். திருத்திய பின், எத்தனை நிரைகள் மாறின என்று பார்க்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒன்றுதான் வரவேண்டும். 'கொமிட்' கொடுத்து உறுதிசெய்யுமுன் பிழை தெரிந்தால், 'ரோல்பேக்' என்ற கட்டளை பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் அதற்கு முதலிலேயே பரிமாற்றத்தைத் தொடங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று. கொப்பியில் பிழையைக் கோடிட்டு வெட்டினால் பழைய எழுத்து அடியில் தெரியும். 'அப்டேட்' பழையதை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடும். எனவே யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை வேறோர் அட்டவணையில் எழுதி வைப்பது நல்லது.

கட்டளையைப் பிள்ளைகள் படிக்கட்டும். நம் பங்கும் ஒன்றுண்டு. வீடு மாறினால், திருமணம் நடந்தால், ஒருவர் மௌத்தானால் கிராம சேவகரிடம் காலத்தோடு சொல்லுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருடைய பழைய, புதிய இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் வையுங்கள். நாம் சொல்லாத மாற்றத்தை எந்தக் கணனியாலும் எழுத முடியாது.