தெரு இல்லாத ஆல்பம்

டி. கல்லுப்பட்டியில் கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்கு வருடத்தில் இரண்டு மாதம் கை ஓய்ந்திருக்கும். ஒன்று ஆடி, இன்னொன்று மார்கழி. ஆடியிலாவது கோயில் திருவிழா என்று ஏதாவது வரும். மார்கழியில் அதுவும் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கை ஒழுங்குபடுத்துவது, தேங்கிக் கிடக்கும் ஆல்பங்களைப் பிரிண்டுக்கு அனுப்புவது, பாக்கிப் பணத்துக்கு போன் போடுவது எல்லாம் இந்த மாதத்தில்தான்.

2025-ல் எடுத்த கல்யாணங்களை இந்த மார்கழியில் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். ஊர்த்தெருக் கல்யாணம் என்றால் படங்கள் ஒரு வரிசையில் வரும். வீடு, கோயில், மேளம், தாய்மாமன் சீர்வரிசை, தெரு நெடுக ஊர்வலம், பிறகு மண்டபம். எங்கள் சனத்துக் கல்யாணங்களில் அந்த வரிசை நடுவில் அறுந்துவிடுகிறது. வீடு இருக்கிறது, வேன் இருக்கிறது, அடுத்த படத்தில் மண்டப வாசல். சீர்த்தட்டுகள் வேனுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் நடந்து வரும் படம் எங்கள் தெருவோடு முடிந்துவிடுகிறது.

பேரையூர் ரோடு, ராஜபாளையம் ரோடு, விருதுநகர் ரோடு, திருமங்கலம் ரோடு என்று நாலா பக்கமும் போய் வருகிறேன். எல்லா ஊரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சில ஊர்களில் ஊர்வலம் தடையில்லாமல் போகிறது. ஆனால் பல ஊர்களில் யாரும் வாய்விட்டுத் தடுப்பதும் இல்லை, எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவதும் இல்லை. ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் சொல்வது, “வேன்லயே போயிருவோம்ப்பா, நல்ல காரியத்துல எதுக்கு வம்பு?”

அந்த வம்பு என்னவென்று இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பேரையூர் தாலுகாவில்தான் உத்தப்புரம் இருக்கிறது. 1989-ல் எழுப்பிய சுவர், 600 மீட்டர் நீளம், தலித் மக்களை ஊரிலிருந்து பிரித்து வைத்தது. 2008 மே 6 அன்றுதான் மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. அந்த ஊர்க் கோயிலுக்குள் தலித் மக்கள் கால் வைக்க 2011 நவம்பர் வரை ஆனது. திருமங்கலம் பக்கம் வில்லூரில், அதே 2011-ல், ஊர்த்தெரு வழியாக பைக் ஓட்டிப் போன தலித் இளைஞர் தாக்கப்பட்டார். அது போலீஸ் துப்பாக்கிச்சூடு வரை போனது. பைக்குக்கே இந்தப் பாடு என்றால் மாலை போட்ட மாப்பிள்ளைக்கு என்ன பாடு என்றுதான் பெரியவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அடி வாங்கினவர்கள் போட்ட கணக்கு அது.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பது நம் வீடுகளில் இன்னும் தெரியவில்லை. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்பும் புதுத்துணியும் போடுவதையும், கல்யாண ஊர்வலம் போவதையும், ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. செருப்பு, புதுத்துணி, கல்யாணம் என்று ஒரு நாட்டின் சட்டப் புத்தகம் எண்ணி எண்ணி எழுத வேண்டி வந்தது என்றால், அது எங்கெங்கே நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

உத்தரப்பிரதேசத்தில் காஸ்கஞ்ச் மாவட்டம் நிஜாம்பூர் கிராமத்தில் சஞ்சய் ஜாதவ் என்ற தலித் மாப்பிள்ளை, தாக்கூர்கள் வாழும் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போவேன் என்று மாதக்கணக்கில் போராடினார். அதிகாரிகளிடம் மனு, உயர் நீதிமன்றத்தில் வழக்கு என்று அலைந்து, 2018 ஜூலையில் நூற்றுக்கும் மேற்பட்ட போலீசார் காவலுக்கு நிற்க, அந்த ஊர்வலம் போனது. அந்தப் படம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது.

இந்த ஆண்டு எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்தில் அப்படி ஒன்று சின்ன அளவில் நடந்தது. ஊர் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் அங்கேயேதான் வாழ வேண்டும். பெண்ணின் தாய்மாமன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். “என் அக்கா மகளுக்கு நான் சீர் கொண்டு வர்றதை ஊர் பாக்கணும், வேனுக்குள்ள ஒளிச்சு வச்சுக் கொண்டுவர முடியாது” என்றார். வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் சண்டை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கடைசிவரை மனசில்லை. ஒருவழியாக ஸ்டேஷனில் மனு கொடுத்தார்கள். அன்று காலை ஒரு எஸ்.ஐ.யும் சில போலீசாரும் வந்தார்கள்.

ஊர்வலம் மொத்தம் இருபது நிமிடம்தான். எனக்கு அது இரண்டு மணி நேரம் மாதிரி இருந்தது. முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே எடுத்தேன். தட்டு தூக்கிய பெண்கள் முதலில் சிரிக்கவே இல்லை, வாயை இறுக்கிக்கொண்டு வந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். ஒரு மாடியில் பாட்டி ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் முகத்தில் கோபம் இல்லை. எஸ்.ஐ. என் பக்கத்தில் வந்து, “சீக்கிரம் எடுத்து முடிப்பா” என்றார். கோயில் வளைவு தாண்டிய பிறகுதான் மேளக்காரர் அடியை மாற்றினார், பெண்கள் சிரித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஆல்பம் வாங்க வந்தபோது அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று தடவை திருப்பிப் பார்த்தார்.

இதற்காக எல்லோரும் நாளைக்கே தெருவில் இறங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குடும்பத்துக்குத் திருப்பூர்ச் சம்பளம் இருந்தது. அன்றாடம் ஊர்க்காரர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற வீடு இந்த முடிவை எடுக்க முடியுமா என்பது வேறு விஷயம். மனு கொடுத்துப் போலீஸ் காவலோடு நடப்பதும் பெருமை இல்லை. காவலைக் கேட்டு வாங்குகிற பொறுப்பை மாப்பிள்ளை வீட்டின் தலையில் கட்டாமல், தாசில்தாரும் போலீசும் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுத் தாங்களாகவே பேசியிருக்க வேண்டும். முகூர்த்த மாதம் எது என்று அவர்களுக்கும் தெரியும்.

இப்போது கல்யாணத்துக்கு டிரோன் இல்லாமல் பேச்சே இல்லை. மேலேயிருந்து பார்க்கும்போது ஊர் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு பக்கம் வீடுகள் நெருக்கமாக, நடுவில் கோயில், ஊரணி. அப்புறம் ஒரு வெற்றிடம், ஓடையோ களமோ ரோடோ. அதைத் தாண்டி எங்கள் வீடுகள். சுடுகாடும் இரண்டு. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதல்வர் ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம், பத்திரிகை அடிக்கிறவர்களுக்கும் யாராவது சொல்லிவிட்டால் தேவலை. டிரோன் படத்தில் தெரியும் அந்த வெற்றிடத்தை எந்த அரசாணையில் நீக்குவது என்றுதான் தெரியவில்லை.

இன்னொரு தொல்லை நிறம். ஆல்பம் டிசைன் பண்ணும்போது பெண் வீட்டார் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள், “தம்பி, புள்ள கலரைக் கொஞ்சம் ஏத்திருங்க.” இது எல்லாச் சாதியிலும் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் வீடுகளில் அதைக் கேட்கும் குரல் வேறாக இருக்கிறது. நான் முடிந்தவரை பேசிப் பார்க்கிறேன். லைட்டைப் பக்கவாட்டில் வைத்து, முகத்தின் நிறம் அப்படியே பளபளக்கிற மாதிரி எடுத்த படத்தைக் காட்டினால் பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். கறுப்புத் தோலுக்கு அளவெடுத்து லைட் வைக்கத் தெரியாதவர்கள்தான் கம்ப்யூட்டரில் வெளுக்கிறார்கள். இதில் கேமராவுக்கும் பங்கு உண்டு. கோடாக் கம்பெனி கலர் ஃபிலிமுக்கு நிறம் சரிபார்க்கப் பல காலம் வைத்திருந்தது ‘ஷெர்லி’ என்று பெயர் வைத்த வெள்ளைக்காரப் பெண்ணின் படம். மர சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று குறை சொன்ன பிறகே ஃபிலிமைத் திருத்தியதாக அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

நம்மைப் படமெடுத்த கதையே அப்படித்தான் தொடங்கியது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கையும் மண்டையையும் அளந்து, ‘இன்ன சாதி’ என்று பெயரெழுதி வைத்த படங்கள் அதில் உண்டு. படத்தில் இருப்பவருக்குப் பெயர் இல்லை. அந்தப் பாட்டன்மார்களின் பேரப்பிள்ளைகள் தாங்களே காசு கொடுத்து, தங்களுக்குப் பிடித்த சட்டையில், அம்பேத்கர் படத்துக்கு முன்னால் நின்று எடுத்துக்கொள்ளும் படம்தான் கல்யாண ஆல்பம். ஆடம்பரம், வீண் செலவு என்று படித்தவர்கள் சிலர் திட்டுகிறார்கள். கடன் வாங்கி எல்இடி ஸ்கிரீன் வைப்பதை நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் படம் வேண்டும்.

எங்கள் பக்கம் அம்பேத்கர் படத்தின் முன்னால் மாலை மாற்றி முடிகிற சுயமரியாதைக் கல்யாணங்களும் நடக்கின்றன. போட்டோகிராபருக்கு அது கொஞ்சம் நெஞ்சடைக்கிற வேலை. ஐயர் மந்திரம் சொல்கிற நேரம் கிடைக்காது, ஒரு நிமிடத்தில் கல்யாணம் முடிந்துவிடும். தவறவிட்டால் போனது. இந்தக் கல்யாணத்துக்கு 1967-ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த திருத்தத்திலேயே சட்ட அங்கீகாரம் இருக்கிறது. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

அது முக்கியமான தீர்ப்பு. ஏனென்றால் ஆல்பமே போடாத கல்யாணங்களும் எனக்கு வருகின்றன. பையன் ஒரு சாதி, பெண் ஒரு சாதி, உடன் நண்பர்கள் நாலு பேர். பதிவுக்குப் படம் வேண்டும் என்று வருவார்கள். மொத்தம் பத்து கிளிக் இருக்கும். இந்த ஆண்டு அப்படி ஒரு ஜோடிக்கு எடுத்த மறுவாரம், இரண்டு பேர் கடைக்கு வந்து, “அந்தப் படத்தைக் கொடுங்க, எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க” என்றார்கள். கொடுக்கவில்லை. அந்தப் படங்களை நான் இன்ஸ்டாகிராமில் போடுவதும் இல்லை. தொழில் செய்கிற தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: உங்கள் ஒரு ரீல்ஸ் அவர்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டதற்குப் பிறகு இதில் விளையாட்டு வேண்டாம். அக்டோபரில் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்திருக்கிறார்கள். சட்டம் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம்.

வெளியே காட்டக் கூடாதே தவிர, படத்தை அழிக்கவும் கூடாது. கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு இருந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, அடுத்த ஆண்டு அவர்களில் பெரும்பாலானோரின் ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால் ஒரிஜினல் ஃபைலை இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

தொழில் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல கேமராவும் லென்ஸும் சேர்ந்தால் இரண்டு லட்சத்தைத் தொடுகிறது. எங்கள் பையன்கள் பெரும்பாலும் மற்றவர் கடையில் லைட் பிடிக்கிறார்கள், இரண்டாவது கேமரா ஓட்டுகிறார்கள். சொந்தமாகக் கடை போட நினைப்பவர்கள் தாட்கோவில் முதலமைச்சரின் ‘சி.எம். அரைஸ்’ திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 3.5 லட்சம், வட்டியிலும் 6 சதவீதம் தள்ளுபடி. பிரச்சினை வங்கியில்தான். “போட்டோ எல்லாம் நிலையான தொழிலா?” என்று ஒரு மேலாளர் என்னிடமே கேட்டார். மதுரை ஜவஹர்லால்புரத்துப் பழனிக்குமார், மீன் விற்கும் தாயின் மகன், கடன் வாங்கித்தான் முதல் கேமரா வாங்கினார். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, இன்று துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுக்கொடுக்கிறார்.

தை பிறந்ததும் முகூர்த்தம் தொடங்குகிறது. தைக் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்த ஒரு பெண், மணப்பெண்ணே தான், பேக்கேஜ் அட்டையைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: “அண்ணே, டிரோன் வேண்டாம். எங்க மாமா சீர் கொண்டுவர்றப்ப கோயில் வளைவுகிட்ட நின்னு எடுக்க எவ்வளவு ஆகும்?” அதற்குத் தனியாகக் காசு இல்லை என்றேன். மனு எழுத வக்கீல் ஒருவரின் நம்பரும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.