தோலை உரித்தால் நிறம் வராது

மேல்தோலை உரித்துவிட்டால் உள்ளே இருக்கிற வெள்ளைத் தோல் வந்துவிடும் என்ற நம்பிக்கை அட்டன் நகரத்து அழகு நிலையங்களிலிருந்து தோட்டத்து லயக் காம்பிரா வரை பரவிக் கிடக்கிறது. கல்யாணம் பேசியாகிவிட்டால் போதும், பிள்ளையின் முகத்தை ஸ்க்ரப் போட்டுத் தேய்க்கிறார்கள், அமிலம் தடவி உரிக்கிறார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக 2024இல் உயர்வதற்கு எவ்வளவு போராட வேண்டியிருந்தது! அந்தக் காசு இதற்கா போக வேண்டும்?

நிறம் மேலே படிந்த அழுக்கல்ல. மேல்தோலின் அடித்தட்டில் இருக்கும் செல்கள் மெலனினை உண்டாக்கி மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மேல்தோலும் சுமார் நான்கு வாரத்தில் தானாகவே உதிர்ந்து புதிதாகிவிடும். உரித்த அன்று தெரிகிற பளபளப்பு, இறந்த செல்கள் போனதால் வெளிச்சம் சீராகப் படுவதுதான். அமிலம் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் தோல் வெந்துவிடும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் வெந்த இடம் முன்னைவிடக் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

அதிலும் நாம் இருப்பது மலையில். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிரில் அது உறைக்காது, மெல்லிய மேகமும் அதைத் தடுக்காது. நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மேல்தோலை எடுத்துவிட்டு மலைக்கு அனுப்புவது, அடைமழையில் லயத்துக் கூரைத் தகரத்தைக் கழற்றுவது போன்றது.

இதைவிடக் கொடுமை, உரித்த முகத்தில் பூசச் சொல்லிக் கொடுக்கும் பெயர் விலாசம் இல்லாத வெள்ளை கிரீம்கள். இப்படிப்பட்ட கிரீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது மெலனின் உண்டாவதைத் தடுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையையும் விடாது. பாதரசம் கலந்த வெண்மை கிரீம்களை ஒழிக்க ஐ.நா. சுற்றாடல் அமைப்பு 2023இல் 1.4 கோடி டொலர் திட்டத்தை அறிவித்தபோது, அதற்குத் தெரிவான மூன்று நாடுகளில் காபோன், ஜமெய்க்காவோடு இலங்கையும் இருந்தது.

அழகு பார்த்துக்கொள்வதில் தப்பே இல்லை. தப்பு, பெண்ணின் நிறத்தை அளந்து விலை பேசுகிறவர்களிடம்தான். மாப்பிள்ளை வீட்டாரே, பெண் கேட்டுப் போகிற இடத்தில் "புள்ள கலரா?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். தாய்மாரே, விலாசம் இல்லாத டப்பாவைப் பிள்ளையின் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.