காரிஞ்சா: தேவதை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுதல்

கால்பந்தைப் பற்றி எழுத வரும் இலக்கியவாதிகளுக்குப் பெலேயைவிடக் காரிஞ்சாவின் மீதே காதல் அதிகம். எடுவர்தோ கலியானோ தம் கால்பந்து நூலில் அவருக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். வினிசியஸ் தெ மொராயிஸ் 1962-இல் அவரை வளைந்த கால்கள் கொண்ட தேவதை என்று கவிதை பாடினார். நெல்சன் ரோட்ரிக்ஸ், த்ருமோந்த் என்று பட்டியல் நீளும். இவர்களைப் படித்தே காரிஞ்சாவை அறிந்த நமக்கும் அந்தச் சித்திரமே மனத்தில் தங்கிவிட்டது: குழந்தை உள்ளம், பறவையின் சுதந்திரம், மது, மாது, வறுமை, மரணம். "வண்ணமயமான வாழ்க்கை" என்று ஒரே சொற்றொடரில் அடக்கிவிடலாம். அந்தச் சொற்றொடரின் மீதுதான் நமக்கு ஐயம்.

முதலில் மைதானத்தைப் பார்த்துவிடுவோம். அங்கே ஐயத்திற்கு இடமே இல்லை. ரியோ டி ஜெனீரோ மாநிலத்தின் பாவு கிராந்தே என்னும் ஆலைக் குடியிருப்பில் 1933-இல் பிறந்தவர் மானுவல் பிரான்சிஸ்கோ தோஸ் சான்டோஸ். காரிஞ்சா என்பது ஒரு சிறு குருவியின் பெயர். வலது கால் உட்புறமாகவும் இடது கால் வெளிப்புறமாகவும் வளைந்திருந்தன. இடது கால் ஆறு சென்டிமீட்டர் குட்டை. பதின்ம வயதில் நெசவாலைக்கு வேலைக்குப் போனார். தொழிலாளியாக அவரால் ஆலைக்குப் பயனில்லை. ஆலையின் கால்பந்து அணிக்கு இருந்தது. 1953-இல் போட்டாஃபோகோ கழகத்தில் தேர்வுக்கு வந்த அன்று, பிரேசிலின் தலைசிறந்த தடுப்பாளர்களில் ஒருவரான நில்டன் சான்டோஸின் கால்களுக்கு இடையே பந்தைச் செலுத்திவிட்டார். இவனை உடனே எடுத்துக்கொள்ளுங்கள், எதிரணியில் இவனைச் சந்திக்க நான் தயாரில்லை என்ற பொருளில் நில்டன் சொன்னதாகக் கதை.

அவரது வித்தை ஒன்றே ஒன்றுதான் என்பார்கள். வலது ஓரத்தில் நின்று, உள்ளே போவது போல உடலைச் சாய்த்துவிட்டு வெளியே பாய்வது. எதிராளிக்கும் பார்வையாளனுக்கும் அது தெரியும். தெரிந்தும் தடுக்க இயலவில்லை. 1958 உலகக் கோப்பைக்கு முன்பு இத்தாலியில் ஃபியோரென்டினா அணிக்கு எதிராகத் தடுப்பாளர்களையும் கோல்காப்பாளரையும் கடந்து சென்றவர், ஆளற்ற கோலின் முன் நின்று, ஓடிவந்த இன்னொருவரையும் ஏமாற்றிவிட்டே பந்தை உள்ளே தள்ளினார். நாம் சிரிக்கிறோம்; அணியின் பொறுப்பாளர்கள் சிரிக்கவில்லை. அணியுடன் சென்ற உளவியலாளர் வேறு, இவரும் பதினேழு வயதுப் பெலேயும் ஆடத் தகுதியற்றவர்கள் என்று அறிக்கை அளித்திருந்தார். முதல் இரு ஆட்டங்களில் இருவருமே இறங்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில், சோவியத் அணிக்கு எதிராக, முதல் நிமிடத்திலேயே காரிஞ்சா அடித்த பந்து கம்பத்தில் மோதியது. அதன்பின் நடந்ததை உலகம் அறியும். இவ்விருவரும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை.

1962-இல் சிலியில் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயமுற, கோப்பையைக் காரிஞ்சா தோளில் சுமந்தார். இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு கோல். அந்த அரையிறுதியில் பழிக்குப் பழியாக ஓர் உதை விட்டு வெளியேற்றப்பட்டார். ஆனாலும் தடை விதிக்கப்படவில்லை, காய்ச்சலுடன் இறுதியாட்டம் ஆடினார். (அந்த மன்னிப்பு எப்படி வந்தது என்பது இன்றுவரை சிரித்துப் பேசப்படும் விவகாரம்.) நாட்டுக்காக ஆடிய 60 ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி, 1966-இல் ஹங்கேரியிடம். அதுவே அவர் பிரேசிலுக்காக ஆடிய கடைசி ஆட்டம்.

இனி தேவதைக் கதைக்கு வருவோம். தன்னைத் தடுக்க வரும் எல்லோரையும் அவர் "ஜோவாவ்" என்றே அழைத்தார், எதிராளியின் பெயரைக்கூட அறியாத வெள்ளந்தி என்பது புகழ்பெற்ற கதை. 1995-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் ருய் காஸ்த்ரோ, அது பத்திரிகையாளர் சான்ட்ரோ மொரேராவின் கைச்சரக்கு என்கிறார். வெள்ளந்திக் கதைகள் பலவும் இவ்வாறு பத்திரிகை மேசையில் பிறந்தவையே. அவை யாருக்குப் பயன்பட்டன என்பதே நம் கேள்வி. தொகை நிரப்பப்படாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் என்று அவரைக் கொண்டாடினோம். அந்த வெற்றிடத்தில் தனக்குச் சாதகமான தொகையை எழுதிக்கொண்டது கழகம். தேய்ந்துபோன முழங்காலில் ஊசி போட்டு அவரை வெளிநாட்டுக் காட்சி ஆட்டங்களுக்கு அழைத்துச் சென்றதும் அதே கழகம். காரிஞ்சா இல்லையெனில் அந்த ஆட்டங்களுக்குக் கட்டணம் குறைவு. அறுவை சிகிச்சை 1964-இல் நடந்தபோது அந்தக் கால் முடிந்துபோயிருந்தது. குருவிக்குக் கணக்குத் தெரியாது என்று கவிஞர்கள் வியந்துகொண்டிருந்தார்கள்.

மறுபக்கமும் உண்டு, அதுவே நம்மை அதிகம் உறுத்துவது. காரிஞ்சா சுரண்டப்பட்டவர் மட்டுமல்லர். முதல் மனைவியையும் எட்டுப் பெண்குழந்தைகளையும் விட்டுவிட்டு, பாடகி எல்சா சோரெஸுடன் வாழப் போனார். ஊர் பழித்தது அவரையன்று, எல்சாவையே. அவரது இசைத்தட்டுகள் புறக்கணிக்கப்பட்டன. வீட்டின் மீது கல்லெறிந்தார்கள். குடும்பத்தைக் கெடுத்த கறுப்பினப் பெண் என்ற பட்டம் ஒருவருக்கும், காதல் மன்னன் என்ற பட்டம் இன்னொருவருக்கும் கிடைத்தன. 1969-இல் காரிஞ்சா ஓட்டிய கார் லாரியில் மோதி எல்சாவின் தாய் இறந்தார். பின்னர் இருவரும் இத்தாலிக்குப் போனார்கள்; வருமானம் எல்சாவின் குரலிலிருந்தே பெரிதும் வந்தது. குடிபோதையில் அவர் தன்னை அடித்ததைப் பிற்காலத்தில் எல்சா மறைக்காமல் சொன்னார். 1977-இல் பிரிந்தார்கள்.

"மது, மாது" என்று எழுதி முடிக்கும் கட்டுரைகளில் இவையெல்லாம் ஆட்டக்காரனின் வண்ணங்களாகிவிடுகின்றன. உண்மையில் அவை மற்றவர்களின் உடம்பில் ஏற்பட்ட காயங்கள். அவரது ஆட்டத்தின் மீது நமக்குள்ள மயக்கம் இதனால் சிறிதும் குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1958-இன் மங்கலான கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அவர் சாயும்போது இன்றும் நாமும் கூடவே சாய்கிறோம். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள மொழி இல்லாததாலேயே தேவதை என்ற சொல் வந்தது போலும்.

1980 கார்னிவலில் மங்கேரா குழுவின் ஊர்தியில் அவரை அமர்த்தி ஊர்வலம் விட்டார்கள். கூட்டம் கையசைக்க, அவர் எதையும் காணாத கண்களோடு உட்கார்ந்திருந்தார். 1983 ஜனவரி 20 அன்று, 49 வயதில், குடியால் இறந்தார். மரகானா அரங்கில் உடல் வைக்கப்பட்டு, தீயணைப்பு வண்டியில் பாவு கிராந்தேவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2014 உலகக் கோப்பைக்காகத் தலைநகர் பிரேசிலியாவில் பெருஞ்செலவில் மீண்டும் எழுப்பப்பட்ட அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2017-இல், அவரது எலும்புகள் எந்தக் குழியில் உள்ளன என்றே உறுதியாகத் தெரியவில்லை என்ற செய்தி கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தது.

எல்சா பாடிக்கொண்டே இருந்தார். 2015-இல், எண்பதைத் தாண்டியவர் என்று பலரும் எழுதிய வயதில் அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பில் ஒரு பாடல் உண்டு: அடிக்க வரும் ஆணை இனி வாசலில் கால் வைக்காதே என்று எச்சரித்துக் காவலரை அழைக்கும் பெண்ணின் பாட்டு. நாற்காலியில் அமர்ந்தபடியே மேடைகளில் அதைப் பாடினார். 2022-இல் அவரும் இறந்தார். ஜனவரி 20 அன்று.