மோதிரம் தேடிப் போனவர்

2023 ஜூலை 1-ம் தேதி, அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரத்து ரசிகர்கள் கேட்கவே விரும்பாத செய்தி வந்தது. கூடைப்பந்து நட்சத்திரம் டேமியன் லில்லார்ட், தன்னை வேறு அணிக்கு டிரேட் செய்துவிடும்படி கேட்டுவிட்டார்.

2012-ல் போர்ட்லேண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணிக்கு வந்தவர் அவர். 11 சீசன்கள், ஒரே ஊர், ஒரே அணி. அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் குவித்தவர். மற்ற நட்சத்திரங்கள் அணி விட்டு அணி தாவியபோதும் அசையாமல் இருந்தவர். முந்தைய வருடம்தான் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு ஏன்?

வயதுதான். அந்த மாதம் அவருக்கு 33 பிறக்க இருந்தது. என்.பி.ஏ. சாம்பியன்களுக்குத் தரும் மோதிரம் அவர் கையில் இல்லை. 2019-ல் அரையிறுதி வரை போனதுதான் அதிகபட்சம். உடனே ஜெயிக்கக்கூடிய அணி வேண்டும் என்றார். நிர்வாகமோ அந்த வருட டிராஃப்ட்டில் ஸ்கூட் ஹெண்டர்சன் என்ற 19 வயதுப் பையனை எடுத்தது. அதுவும் லில்லார்ட் ஆடும் அதே பாயின்ட் கார்டு இடத்துக்கு! அணி நாலைந்து வருடம் காத்திருக்கலாம், அவரால் முடியாது. யார் மேல் தப்பு சொல்வது?

என்.பி.ஏ.வில் ஒப்பந்தம் முடியும்வரை வீரர் தானாக விலகிப் போக முடியாது. அணி நினைத்தால் அவரைக் கேட்காமலே மாற்றிவிடலாம். 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச்சை டல்லஸ் அணி அப்படித்தான் லேக்கர்ஸுக்கு அனுப்பியது. வீரருக்கு இருப்பது வாய் ஒன்றுதான். ‘அனுப்புங்கள்’ என்று கேட்கலாம். எங்கே என்பதை அணிதான் முடிவு செய்யும்.

லில்லார்ட் போக ஆசைப்பட்டது மயாமிக்கு. வேறு அணிக்கு அனுப்பினால் ஆடமாட்டார் என்று பேச்சு எழுந்தபோது, லீக் நிர்வாகமே எச்சரிக்கை விட்டது. கடைசியில் செப்டம்பரில் போர்ட்லேண்ட் அவரை அனுப்பியது மில்வாக்கிக்கு.

மட்டமான இடமில்லை. யானிஸ் அன்டெடோகவும்போ ஆடும் அணி. ஆனாலும் இரண்டு வருடமும் பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே தோல்வி. 2025 ஏப்ரலில் லில்லார்டின் குதிகால் தசைநார் கிழிந்தது. ஜூலையில், மீதிச் சம்பளமான சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து வருடக் கணக்கில் பிரித்துவிட்டு, மில்வாக்கி அவரை விடுவித்துவிட்டது.

இதில் வேடிக்கை, அவருக்காக மில்வாக்கி விட்டுக்கொடுத்த ஜ்ரூ ஹாலிடேயின் கதை. 2021-ல் அதே மில்வாக்கி சாம்பியன் ஆனபோது ஆடியவர். இடம் மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை. போர்ட்லேண்டுக்குத் தள்ளப்பட்டார்; அவர்கள் சில நாட்களிலேயே பாஸ்டனுக்குக் கைமாற்றினார்கள். 2024-ல் பாஸ்டன் சாம்பியன். ஹாலிடே கையில் இரண்டாவது மோதிரம்!

லில்லார்ட் இப்போது எங்கே என்கிறீர்களா? 2025 ஜூலையில் போர்ட்லேண்டுக்கே திரும்பிவிட்டார். அவருடைய பிள்ளைகள் இருப்பதும் அந்த ஊரில்தான். அதே மாதம் பாஸ்டன் டிரேட் செய்துவிட, ஹாலிடேயும் அங்கேயே வந்து சேர்ந்தார்.

லில்லார்டின் புது ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு, 4.2 கோடி டாலர். என்.பி.ஏ.வில் வெகு சிலருக்கே கிடைக்கும் ஒரு வரியும் அதில் உண்டு: அவர் சம்மதிக்காமல் அவரை வேறு எந்த அணிக்கும் அனுப்ப முடியாது.