மீல்மேக்கர் மேல ஏன்யா இந்தக் கொலைவெறி?

நண்பன் வீட்டுல மீல்மேக்கருக்குத் தடா. கல்யாணமாகி நாலு வருசம், இன்னும் குழந்தை இல்லை. "சோயா தின்னா ஆம்பளைக்கு ஆகாது"ன்னு யாரோ அவங்க அம்மா காதுல ஓதிட்டாங்க. போன ஞாயிறு எங்க வீட்டு வெஜ் பிரியாணியில கிடந்த உருண்டைகளைப் பொறுக்கி ஓரமா வைக்கிறான் பாவி.

சோயாவுல இருக்கற ஐசோஃப்ளேவோன், ஈஸ்ட்ரோஜன் மாதிரி கொஞ்சம் வேஷம் போடும். அது உண்மைதான். 2008-ல ஒருத்தருக்கு மார்பு வீங்கினதா மருத்துவ இதழ்ல வந்துச்சு. அவர் குடிச்சது தினம் கிட்டத்தட்ட 3 லிட்டர் சோயா பால்! (நம்மாளு மாசத்துக்கு அஞ்சாறு உருண்டை.) 2010-லயும் 2021-லயும் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசினவங்க, சோயாவால ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையலைன்னுதான் சொன்னாங்க.

நிற்க. இதே மகராசன் ராத்திரியானா ஒரு குவார்ட்டர். தொப்பை வேற. கொழுப்புல இருக்கற அரோமட்டேஸ்ங்கற நொதி டெஸ்டோஸ்டிரோனையே ஈஸ்ட்ரோஜனா மாத்தும். அளவுக்கு மீறிக் குடிச்சா டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியே அடிவாங்கும். அதுக்கெல்லாம் அந்த வீட்டுல தடா கிடையாது. அந்தப் பொண்ணு மட்டும் மூணு டாக்டரைப் பார்த்தாச்சு. இவன் ஒரு விந்துப் பரிசோதனைக்குக்கூடப் போகலை.

சாப்பிடும்போதே நேரா கேட்டுட்டேன். பதில் சொல்லாம உருண்டையைத்தான் பொறுக்கிட்டிருந்தான்.