பாட்டுக்கு ஓர் ஆசனம்

வேல்ஸ் என்று ஒரு சிறு தேசம் இருக்கிறது. இங்கிலாந்துக்கு மேற்கே மலையும் மழையும் ஆட்டு மந்தையுமாகக் கிடக்கும் நாடு. 2021-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அங்கே உள்ளவர்கள் சுமார் 31 லட்சம் பேர். நம் கோயமுத்தூர் ஜில்லா ஒன்றிலேயே 2011-ல் 34 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள்! அந்த 31 லட்சத்திலும் தாய்மொழியான வெல்ஷ் பாஷை பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். ஆனாலும் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் முதல் வாரத்தில் இவர்கள் ஒரு மைதானத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு கவிதைக்காகத் திருவிழா நடத்துகிறார்கள். அதற்கு 'ஐஸ்டெத்வோட்' என்று பெயர். வாய்க்குள் நுழையாத பெயராயிற்றே என்று நேயர்கள் பயப்பட வேண்டாம். 'உட்காருதல்' என்பதே அதன் பொருள்.

1176-ஆம் வருஷத்தில் ரீஸ் என்ற வெல்ஷ் பிரபு தம் கோட்டையில் புலவர்களையும் பாணர்களையும் கூட்டிப் போட்டி வைத்து, வென்றவர்களுக்கு ஆசனம் அளித்தாராம். இன்றைக்கும் பெரிய பரிசு ஒரு நாற்காலிதான். ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் செய்த மர நாற்காலி. நம்முடைய எதுகை மோனையைப் போலவே, ஏன், அதைவிடவும் கெடுபிடியான ஓசைக் கட்டுப்பாடு உள்ள பாட்டுக்கே அது கிடைக்கும். புலவர்கள் புனைபெயரில் எழுதி அனுப்ப வேண்டும். சபை நிறைந்திருக்கும்போது அந்தப் புனைபெயரை உரக்கக் கூறுவார்கள். கூட்டத்தில் எங்கிருந்தோ ஒருவர் எழுந்து நிற்பார். அவர் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருக்கலாம், குடியானவராகவும் இருக்கலாம். பாட்டு தகுதியில்லையென்று நடுவர்கள் கருதினால் அந்த வருஷம் நாற்காலி காலியாகவே இருக்கும். சிபாரிசுக் கடிதத்துக்கு அங்கே வேலை இல்லை.

1917-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பர்க்கன்ஹெட் நகரில் நடந்த விழாவில் புனைபெயரைக் கூப்பிட்டார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அந்தக் கவி 'ஹெட் வின்' என்ற பெயரில் எழுதிய ஆட்டிடையர், சுமார் ஐந்து வாரத்துக்கு முன்னால் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் மாண்டு போனார் என்று பிறகு அறிவித்தார்கள். நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். பிரிட்டிஷ் பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் அந்தச் சபையில் இருந்தார். அவரும் வேல்ஸ் நாட்டுக்காரர்தான். யுத்தத்தை நடத்தியவரும் அவர்தான். அவர் மனத்தில் அப்போது என்ன ஓடியிருக்கும் என்று நாம் பல முறை யோசித்ததுண்டு.

இவர்கள் பாஷைக்கு எளிதாக வாழ்வு கிடைத்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிக்கூடங்களில் வெல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வேறொரு பிள்ளை வாய் தவறித் தாய்மொழி பேசினால் அது அவன் கழுத்துக்கு மாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. இதைப் படித்ததும் நமக்கு ஒரு பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. கோயமுத்தூருக்கு வெகு தூரத்தில் இல்லை. நமக்குத் தெரிந்த குழந்தை ஒருத்தி வகுப்பில் தமிழில் பேசியதற்காக அபராதம் கட்டிவிட்டு வந்து, பாட்டியிடம் தமிழிலேயே அழுதாள். மரத்துண்டு இல்லை, ரசீது கொடுத்தார்கள்!

கொங்கு நாட்டுக்கு இந்த விஷயத்தில் யாரிடமும் கடன் வாங்கவேண்டிய நிலைமை இல்லை. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் விஜயமங்கலத்தவர். அந்தக் காவியத்தின் முதலும் முடிவும் மறைந்து போக, எஞ்சியதை உ. வே. சாமிநாதையர் 1924-ல் அச்சேற்றினார். நூலில் புலவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு அவர் வீட்டுப் பணிப்பெண்ணே விடை சொன்னாள் என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. தமிழிசைக்காக முன்னணியில் நின்று வாதாடிய ஆர். கே. சண்முகம் செட்டியார் கோயமுத்தூர்க்காரர். 2010-ஆம் வருஷம் ஜூன் 23 முதல் 27 வரை அதே ஊரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மகாநாடு நடந்தது. நாற்பது அலங்கார ஊர்திகளோடு ஊர்வலம் போயிற்று. பின்லாந்து தேசத்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா பரிசு பெற்றார். ஐந்து நாளும் ஊர் கொள்ளாத கூட்டந்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆறாவது நாள் பந்தலைப் பிரித்தார்கள். அடுத்த வருஷம் அவிநாசியில், அதற்கடுத்த வருஷம் தாராபுரத்தில் என்று அது நடந்து போகவில்லை. வேல்ஸ் நாட்டு விழாவோ ஒரு வருஷம் வடக்கே, ஒரு வருஷம் தெற்கே என்று ஊர் ஊராகப் போகிறது. 2024-ல் பான்டிப்ரித், 2025-ல் ரெக்ஸம். 1950 முதல் மேடையில் தாய்மொழியைத் தவிர வேறு பாஷை கூடாது என்பது சட்டம்.

ஊர் ஊராகப் போகும் கலை நம்மிடம் ஒன்று இருக்கவே இருக்கிறது. வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடும் வள்ளி கும்மியைத்தான் சொல்லுகிறோம். வாத்தியார் பாட, மற்றவர்கள் அடவு பிடிக்க, பொழுது போவதே தெரியாது. ஒரு காலத்தில் ஆண்களே ஆடினார்கள். மேட்டுப்பாளையத்துப் பக்கத்தைச் சேர்ந்த பத்திரப்பன் என்ற பெரியவர் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-ல், 87-ஆவது வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இப்போது அரங்கேற்றம் என்றால் பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் ஒரே நிறச் சேலையில் நிற்கிறார்கள். அபராதம் கட்டிய நம் குழந்தையும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டாள். தப்பில்லாமல் பாடுகிறாள், ரசீது கேட்பாரில்லை. ஆனால் பாடுவதெல்லாம் பழைய பாட்டு. வருஷத்துக்கு ஒரு புதுக் கும்மிப் பாட்டுக்குப் போட்டி வைத்தால் என்ன? புனைபெயரில்தான் அனுப்பவேண்டும். தகுதியில்லாவிட்டால் பரிசு இல்லை.

பரிசு என்ன கொடுப்பது என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலி வேல்ஸ் நாட்டுக்காரர்களிடமே இருக்கட்டும். நம் நாட்டில் பாட்டுக் கச்சேரியானாலும் கல்யாணமானாலும் சபை என்றால் ஜமக்காளந்தான். அதற்குப் பெயர் போன ஊர் பவானி. குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் எறியும் நாடாவை மற்றவர் வாங்கி, பட்டை பட்டையாக நிறம் ஏற்றி நெய்வார்கள். புவிசார் குறியீடு கிடைத்த சரக்குத்தான். ஆனாலும் விசைத்தறிப் போலி மலிந்துவிட்டதால் தறியில் உட்காருகிறவர்கள் வயதானவர்களாகவே இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு ஜமக்காளம் அவர்கள் வறுமையைத் தீர்த்துவிடாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதை நெய்தவர் பெயரையும் புலவர் பெயரையும் ஒரே மேடையில் கூப்பிடலாமல்லவா?

நேயர்களில் யாராவது முன்வந்தால் முதல் விழாவை விஜயமங்கலத்தில் வைத்துக்கொள்ளலாம். தை மாதம் அறுவடை முடிந்த வயலில் இடத்துக்குப் பஞ்சமிராது. ஜமக்காளத்தின் நிறத்தைப் பற்றி மட்டும் நம் வீட்டில் அபிப்பிராய பேதம் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் என்கிறோம் நாம். கும்மிச் சேலைக்குப் பொருத்தமாக மஞ்சள்தான் வேண்டுமென்கிறாள் அந்தக் குழந்தை.